மல்லசந்திரம் கல்திட்டைகள்: போகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மல்லசந்திரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கம் ஒரு பாறைக்குன்று. மோரல் பாறை என்பார்கள். அதன் மேல், வழுக்குப் பாறை மீதும் பாறை இடுக்குகளிலும், பலகை பலகையாகப் பிளந்த கருங்கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லைப் போட்டுக் கட்டிய கல்லறைகள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. இவைதான் கல்திட்டைகள். சிலவற்றைச் சுற்றிப் பலகைக்கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். சில திட்டைகளின் உட்சுவரில் வெள்ளை நிற ஓவியங்கள் உண்டு. இந்திய அளவில் பேசவேண்டிய இடம் இது. நம் மாவட்டத்துக்காரர்களிலேயே பாதிப்பேர் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

கல்திட்டை, கற்பதுக்கை, கல்வட்டம் எல்லாம் ஒன்றா?

இல்லை. தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரிகிற கல் அறை கல்திட்டை. அதே அறையைக் குழி தோண்டி மண்ணுக்குள் அமைத்தால் கற்பதுக்கை. புதைத்த இடத்தைச் சுற்றி உருண்டைக் கற்களையோ பலகைக் கற்களையோ வட்டமாக வைத்தால் கல்வட்டம். கற்களைக் குவித்து மேடாக்கினால் கற்குவை. ஒரே சின்னத்தில் இரண்டு மூன்று வகைகள் சேர்ந்தும் வரும்: நடுவே பதுக்கை, மேலே குவை, சுற்றிலும் வட்டம். பர்கூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து மாந்தோப்புகளிலும் கொல்லைமேடுகளிலும் கல்வட்டங்கள்தான் அதிகம். வரப்போரத்தில் பாதி புதைந்து கிடப்பதால் கடந்து போகிறவர் கண்ணில் படாது.

குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்கிறார்கள், பாண்டவர்கள் தங்கியது என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டுமே ஊர் நம்பிக்கை. தமிழகத்தில் பல இடங்களில் இவற்றுக்கு வாலியர் வீடு, குள்ளர் வீடு, பாண்டவர் வீடு, மோரியர் வீடு என்றெல்லாம் பெயர் உண்டு. இடுப்பளவு உயரக் கல் அறையைப் பார்க்கிற எவருக்கும் 'இதற்குள் யார் இருந்திருப்பார்கள்?' என்று தோன்றுவது இயல்புதானே. அந்தக் கதைகளைக் கேலி செய்யாதீர்கள். 'அது பாண்டவர் வீடு, கை வைக்கக் கூடாது' என்ற பயபக்திதான் பல திட்டைகளை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் இவை வாழ்விடம் அல்ல. இறந்தவர்களுக்காக எழுப்பியவை. தென்னிந்தியாவில் இப்படிப்பட்ட சின்னங்களை முறையாக அகழ்ந்த பல இடங்களில் எலும்புத் துண்டுகள், கறுப்பு சிவப்புப் பானைகள், இரும்புக் கத்தி, அம்பு முனை, மணிகள் போன்றவை கிடைத்திருக்கின்றன. உடலை வேறிடத்தில் போட்டுவிட்டு, எஞ்சிய எலும்புகளில் சிலவற்றை மட்டும் எடுத்து வந்து வைக்கும் வழக்கமும் இருந்தது. எலும்பே இல்லாமல் நினைவுக்காக மட்டும் எழுப்பியவையும் உண்டு.

நேராகச் சொல்லுங்கள், வயது என்ன?

நேராகவே சொல்கிறேன்: மல்லசந்திரத்துக்கு என்று ஒற்றை எண் சொல்லி யாராவது உங்களை அழைத்துப் போனால், அந்த எண்ணை நம்பாதீர்கள். 'இரும்புக்காலத்துப் பெருங்கற்சின்னங்கள்' என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. அந்த இரும்புக்காலம் எப்போது தொடங்கியது, இந்த வகைச் சின்னம் அதில் எந்தக் கட்டத்தில் வந்தது, எவ்வளவு காலம் தொடர்ந்தது என்பதில்தான் வழக்கு.

வழக்கின் கதை இது. 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் பிரித்தானியத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ரோமானிய வணிகத்தோடு தொடர்புடைய பானைகளைக் கண்டு, அவற்றுக்குக் காலம் குறித்திருந்தார். பிரம்மகிரியின் மண் அடுக்குகளை அந்தப் பானைகளோடு கோத்துப் பார்த்து, பெருங்கற்சின்னக் காலம் ஏறத்தாழ கி.மு. 200 அளவில் தொடங்கியது என்று முடிவுகட்டினார். ஒரு தலைமுறை முழுக்கப் பாடநூல்கள் அதைத்தான் சொல்லின.

பிறகு கரிமக் காலக்கணிப்பு வந்தது. கர்நாடகத்தின் ஹள்ளூரில் இரும்பு கி.மு. 1000 அளவுக்குப் போனது. தமிழ்நாட்டில் மேட்டூர் அருகே மாங்காட்டில் கி.மு. 1500ஐ ஒட்டிய தேதி வந்தது. 2022 மே மாதம், நம் மாவட்டத்து மயிலாடும்பாறையிலிருந்து கி.மு. 2172 என்ற தேதி வந்திருப்பதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் தேதியைக் கொண்டு கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டு வரை போயிற்று.

ஆக, வீலர் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் நடுவே மூவாயிரம் ஆண்டு இடைவெளி. இந்தப் பெரிய அலையில் மல்லசந்திரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அந்த மலையிலிருந்தே எடுத்த சான்று வைத்துத்தான் சொல்ல முடியும். பக்கத்து ஊர்த் தேதியைக் கடன் வாங்கி ஒட்டக்கூடாது.

மயிலாடும்பாறையும் இதே மாவட்டம்தானே. 4,200 ஆண்டு என்றால் இதுவும் 4,200 ஆண்டுதானே?

அடிக்கடி வரும் கேள்வி, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மயிலாடும்பாறை பர்கூர் வட்டம் தொகரப்பள்ளிக்கு அருகே இருக்கிறது. 2003இல் பேராசிரியர் கா. ராஜன் குழுவினரும், 2021இல் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே அகழ்ந்தார்கள். 2021 அகழாய்வில் ஒரு பதுக்கையிலிருந்து சுமார் 70 செ.மீ. நீள இரும்பு வாள் வந்தது. தேதி குறித்தவை வாள் அல்ல, கரித்துண்டுகள். ஒரு மீட்டருக்குச் சற்றுக் கீழே, கலையாத மண் அடுக்கிலிருந்து எடுத்து, அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பியவை. இரண்டு தேதிகள் வந்தன: கி.மு. 1615, கி.மு. 2172. ஆழத்தில் இருந்தது பழையது, மேலே இருந்தது பிந்தியது. வரிசை சரியாக இருக்கிறது.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே அடுக்கடுக்காக மண் இருந்தது. மல்லசந்திரத்தில் பல திட்டைகள் வெறும் பாறை மேல் நிற்கின்றன. அங்கே கரி, பானை, இரும்பு எல்லாம் ஒன்றோடொன்று தொடர்போடு கிடைத்தன. இங்கே பெரும்பாலான அறைகள் எப்போதோ கிளறப்பட்டவை. அங்கே தரைக்கு மேல் கல்வட்டம், கீழே பதுக்கை. இங்கே தரைக்கு மேல் திட்டை. வகை வேறு என்றால் காலமும் வேறாக இருக்கலாம். முன்னே பின்னே எந்தப் பக்கம் என்று இப்போதைக்குக் கட்டிச் சொல்ல வழியில்லை.

மயிலாடும்பாறைத் தேதியிலேயே கேள்வி எழுப்புகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். தேதிகளின் எண்ணிக்கை போதுமா, கரி இருந்த அடுக்கும் இரும்பு இருந்த அடுக்கும் உண்மையிலேயே ஒன்றா, பல நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுவே உள்ள பழைய வைரக்கட்டையை எரித்திருந்தால் கரியின் வயது நெருப்பின் வயதைவிடக் கூடிவிடாதா என்பவை அவர்கள் கேட்பவை. இவை நியாயமான கேள்விகள். கேட்பதால் தமிழுக்குத் துரோகம் ஆகிவிடாது. பல இடங்களிலிருந்து, பல மாதிரிகளிலிருந்து ஒரே திசையில் தேதிகள் வந்துகொண்டிருப்பது மறுபக்கத்தின் பலம். தருமபுரி, கிருஷ்ணகிரி மண் மிகப் பழைய இரும்பை வைத்திருக்கிறது என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைக் காட்டி ஒரு மலையின் வயதை நிர்ணயிக்க மாட்டேன்.

கல்லையே சோதனைக்கு அனுப்பினால் வயது தெரியாதா?

தெரியும், ஆனால் உங்களுக்கு வேண்டிய வயது தெரியாது. நம் பகுதிப் பாறைகள் இருநூறு கோடி ஆண்டுக்கும் மேற்பட்டவை. அது பாறை உறைந்த காலம். மனிதன் அதைப் பிளந்து நிறுத்திய காலம் கல்லுக்குள் பதிவாவதில்லை.

கரிமக் கணிப்புக்கு உயிருள்ள ஒன்றின் எச்சம் வேண்டும்: கரி, எலும்பு, தானியம், மரம். அதிலுள்ள கரிமம் 14 ஏறத்தாழ 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இன்னொரு வழி, மணல் துகள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று அளக்கும் ஒளித்தூண்டல் முறை. நட்ட பலகைக்கு அடியில் சிக்கிய மண், பலகை வைத்த நாளிலிருந்து வெளிச்சமே பார்க்கவில்லை என்றால், அந்த மண் தேதி சொல்லும். மாதிரியை இருட்டிலேயே குழாயில் அடைத்து எடுப்பார்கள். வெளிச்சம் பட்டுவிட்டால் அதுவரை சேர்ந்த கணக்கு அழிந்துவிடும்.

யாரோ ஒருவர் புதையல் ஆசையில் பலகையின் அடியைக் கடப்பாரையால் நெம்பிய அந்த நிமிடமே, அந்தத் திட்டையின் வயதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி போய்விட்டது. மல்லசந்திரத்தின் வயது இன்னும் வழக்கில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் பக்கம் முழுக்க நான் ஏதாவது ஒன்றை உங்கள் மனதில் ஏற்ற விரும்பினால், அது இதுதான்: அடிமண்ணைத் தொடாதீர்கள்.

அந்த வெள்ளை ஓவியங்களை வைத்துக் காலம் சொல்ல முடியாதா?

ஓவியம் திட்டையைவிடப் பழையதாக இருக்க முடியாது, அவ்வளவுதான் உறுதி. கட்டி முடித்த அன்றே வரைந்திருக்கலாம், பல நூறு ஆண்டு கழித்து வேறு மக்கள் வந்தும் வரைந்திருக்கலாம். மகராஜகடையிலும் ஓவியம் உள்ள திட்டைகள் இருக்கின்றன. விலங்கின் மேல் அமர்ந்த மனித உருவம், கையில் ஆயுதம் ஏந்தியவர் போன்ற வடிவங்கள் நம் பகுதி வெள்ளை ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. இவை நடுகல் (இறந்த வீரருக்கு நட்ட நினைவுக்கல்) சிற்பங்களில் வரும் காட்சிகளுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்பது என் எண்ணம்.

வடிவத்தை வைத்தும் காலம் சொல்ல முடியாது. நம் மாவட்டங்களில் நடுகற்களைப் பாதுகாக்க மூன்று பக்கம் பலகை நிறுத்தி மேலே மூடுகல் போடும் வழக்கம் வரலாற்றுக் காலத்திலும் நெடுநாள் தொடர்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் திட்டைதான். உள்ளே குதிரை வீரனோ புலியோடு போராடும் ஆளோ செதுக்கிய கல் நின்றால் அது நடுகல் கோயில்.

சங்க இலக்கியத்தில் இதெல்லாம் வருகிறதா?

வருகிறது. இறந்தவர்களை அடக்கம் செய்யும் முறைகளாக, சங்க காலத்துக்குப் பிந்திய காப்பியமான மணிமேகலையும் ஐந்தைச் சொல்கிறது: சுடுவது, வெளியில் இடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைத்து வைப்பது, தாழியில் கவிப்பது. புறநானூற்றில் பதுக்கை எழுப்பி, கல் நட்டு, பெயர் பொறித்து, மயிற்பீலி சூட்டுவதைச் சொல்லும் பாட்டு உண்டு. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது, அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் ஊற்றுகிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறு கலத்துக் கள்ளை ஏற்பானா என்று ஔவையார் கலங்குவதும் அதில்தான். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அந்தப் பாட்டை இந்த மண்ணில் நின்று படிப்பது வேறு அனுபவம்.

ஆனால் இலக்கியம் பேசும் பதுக்கை வேறு, மல்லசந்திரத்துத் திட்டை வேறாக இருக்கலாம். பாட்டின் காலத்தைத் திட்டையின் மேல் ஏற்ற வேண்டாம்.

எப்படிப் போவது?

கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் கிடையாது. ஓசூர், தருமபுரி, ஜோலார்பேட்டை இவற்றில் ஒன்றில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் சூளகிரிக்கு முன்னால் வருவது சாமல்பள்ளம். அங்கிருந்து உள்ளே போகும் ஊர்ச்சாலையில் கேட்டுக் கேட்டுப் போகலாம். விரைவுப் பேருந்துகள் எல்லா நிறுத்தத்திலும் நிற்காது, ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த வண்டி வசதி. வண்டியை ஊரிலேயே நிறுத்திவிடுங்கள், மலையடி வரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பிப் போகவேண்டாம். வழியில் ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள். சூளகிரிப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். 'அண்ணா' என்று அழைத்தால் மூன்று மொழிக்காரருக்கும் புரியும். கல்திட்டை என்று கேட்டால் சிலர் முழிப்பார்கள். 'பாண்டவர் வீடு', 'மலை மேல கல்லு வீடு' என்று கேட்டுப் பாருங்கள்.

எந்த மாதம் போகலாம்? யானை வருமா?

சித்திரை, வைகாசியில் வேண்டாம். பத்து மணிக்கு மேல் வெறும் பாறை கொதிக்கும், மேலே நிழல் அரிது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் பாறை வழுக்கும். மார்கழி முதல் மாசி வரை வெயிலும் காற்றும் இதமாக இருக்கும்.

ஆனால் அதே மாதங்களில்தான் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக்கூட்டங்கள் ஓசூர் வனக்கோட்டத்துக்குள் இறங்கும். ராகிக் கதிர் முற்றும் காலம் அது. சானமாவு, சூளகிரி, ராயக்கோட்டைப் பக்கம் கூட்டம் எங்கே நிற்கிறது என்று உள்ளூர்ச் செய்தியில் தினமும் வரும். புறப்படுவதற்கு முன்னால் ஊரில் விசாரியுங்கள். காலை எட்டு மணிக்குப் பிறகு ஏறி, மாலை நான்கு மணிக்குள் இறங்கிவிடுங்கள். சூரிய உதயப் படத்துக்காக இருட்டில் ஏறுவதாக யாராவது திட்டம் போட்டால், நீங்கள் போகாதீர்கள், அவரையும் தடுத்து நிறுத்துங்கள்.

வயதானவர்கள், சிறு பிள்ளைகள் ஏற முடியுமா?

சாய்வான பாறையில் நடக்கும் பழக்கம் இருந்தால் முடியும். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். பிள்ளைகளை அழைத்துப் போங்கள், ஆனால் மூடுகல் மேல் ஏறவிடாதீர்கள். ஒரு பக்கப் பலகை சாய்ந்து நிற்கிற திட்டையில் மேல்கல் எந்தப் பிடிப்பில் நிற்கிறது என்று சொல்ல முடியாது.

என்ன கொண்டு போக வேண்டும்?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ, சிறு டார்ச். சாப்பாட்டைச் சூளகிரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே குப்பைத் தொட்டி இல்லை. கொண்டுபோன பையிலேயே எல்லாம் திரும்பி வர வேண்டும்.

மேலே போய் எதைப் பார்ப்பது? எல்லாம் ஒரே மாதிரி கல்லாகத்தானே தெரிகிறது?

ஒரே ஒரு திட்டையைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் கொடுங்கள். இருபதைப் படம் பிடிப்பதைவிட அதில் பலன் அதிகம்.

முதலில் நான்கு பலகைகளின் மூலைகளைப் பாருங்கள். ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையின் விளிம்பைத் தாண்டிச் சற்றே நீண்டிருக்கிறதா? பல இடங்களில் இப்படித்தான் அமைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் சக்கரம் சுற்றுவது போன்ற அமைப்பு. ஒரு பலகை அடுத்ததைத் தாங்கும், வெளியிலிருந்து அழுத்தம் வந்தாலும் எளிதில் உள்ளே சரியாது. சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை, தன் எடையிலேயே நிற்கிறது.

அடுத்து, துளை. ஒரு பக்கப் பலகையில் வட்டமாகக் குடைந்த ஓட்டை இருக்கலாம். இடுதுளை என்பார்கள். தமிழகத்தில் இது பெரும்பாலும் கிழக்குப் பக்கம் இருக்கும். திசைகாட்டியை எடுத்துச் சரிபாருங்கள். துளையின் உள்விளிம்பு எப்படி மழமழவென்று தேய்ந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள், விரலை விட வேண்டாம், தேள் இருக்கும்.

பிறகு பலகையின் ஓரம். நம் பகுதிக் கருங்கல் அடுக்கடுக்காகப் பிளக்கும் தன்மை உள்ளது. நெருப்பு மூட்டிச் சூடேற்றித் தண்ணீர் ஊற்றிப் பாறையைப் பெயர்க்கும் முறையைக் கல்லுடைப்பவர்கள் அண்மைக்காலம் வரை கையாண்டார்கள். பழைய பலகைகளின் ஓரம் ஒழுங்கற்று, மழையிலும் வெயிலிலும் மங்கி, பாசிப்பூ படிந்திருக்கும். அதற்கு மாறாக, ஓரத்தில் வரிசையாகச் சம இடைவெளியில் உளிக்குழிகள் தெரிந்தால், அது பின்னாளில் யாரோ ஆப்பு அடித்து உடைத்துக்கொண்டு போனதன் தழும்பு. எத்தனை மூடுகற்கள் இப்படி வேலிக்கும் படிக்கட்டுக்கும் போயிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

கடைசியாக உட்சுவர். வாசலில் குனிந்து, கண் இருட்டுக்குப் பழகும் வரை பொறுங்கள். டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய வெள்ளைக் கோடுகள் எழுந்து வரும். கோட்டின் அகலம் விரல் பருமன் இருந்தால், வரைந்தவர் தூரிகை இல்லாமல் விரலைத் தொட்டு இழுத்தாரோ என்று யோசிக்க இடமிருக்கிறது.

ஓவியம் தெளிவாகத் தெரியத் தண்ணீர் தெளிக்கலாம் என்கிறார்களே?

கூடவே கூடாது. ஒரு நொடி பளிச்சென்று தெரியும். காய்ந்ததும் உப்பு பூத்து நிறத்தோடு உதிரும். சாக்பீஸால் கோட்டின் மேல் கோடு போடுவது இன்னும் மோசம். தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம், கையின் எண்ணெய்ப் பசையே போதும் கெடுக்க.

உள்ளே நுழையலாமா?

வேண்டாம். உங்களுக்காக: பாம்பு, தேள், சில பாறைகளில் மலைத்தேனீ. திட்டைக்காக: நீங்கள் முழங்காலிட்டு நகரும் தரையில்தான் கடைசி மிச்ச மண் இருக்கிறது.

புதையல் எடுத்தவர்கள் உண்டா?

தேடியவர்கள் ஏராளம், அதன் தடயம் மலையெங்கும் தெரியும். சாய்ந்த பலகை, புரட்டிய மூடுகல், அறைக்குள் குழி. இந்த மக்கள் இறந்தவரோடு வைத்தவை பானை, இரும்பு, மணி. கடப்பாரைக்காரனுக்கு அது ஓடும் துருவும்தான். ஆய்வாளருக்கு அந்த ஓடும் துருவும்தான் உயிர்.

சட்டமும் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டமும் அதன் 2010 திருத்தமும், மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சேதப்படுத்துபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கின்றன. அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் தூரத்துக்கு அனுமதி வேண்டும்.

ஒரு நாள் பயணத்தில் வேறு எதைச் சேர்க்கலாம்?

மலையை முடித்த பிறகு கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம். போகும் வழியில் கண்ட கல்லெல்லாம் அங்கே அர்த்தம் பெறும். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துத் திட்டமிடுங்கள். இரண்டாவது நாள் இருந்தால் தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம், அங்கே நடுகற்கள் வரிசையாக இருக்கின்றன. மயிலாடும்பாறைக்கும் போகலாம். அகழ்ந்த குழிகளை மூடிவிடுவது வழக்கம், வாள் கிடைத்த குழியைத் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். குன்றின் மேல் கற்கருவிகளைத் தீட்டிய பள்ளங்கள்தான் பார்க்கவேண்டியவை. பாறையில் நீளவாக்கில் பளபளவென்று தேய்ந்த தடங்கள், புதிய கற்காலத்து ஆட்கள் கோடரியைத் தேய்த்துத் தேய்த்து உண்டானவை.

என் தோட்டத்திலேயே ஒரு கல்வட்டம் இருக்கிறது. தகவல் சொன்னால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களா?

இந்தப் பயம்தான் நம் மாவட்டத்தில் கல்வட்டங்களை அழிக்கிறது. தெரிந்தால் நிலம் போய்விடும் என்று நினைத்து, இரவோடு இரவாக ஜேசிபி வைத்து உருட்டிவிடுகிறார்கள். கல்வட்டம் இருப்பதாகச் சொன்ன அன்றே எந்த நிலமும் பாதுகாக்கப்பட்ட இடமாகிவிடாது. அதற்கு அரசு அறிவிக்கை வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் நடப்பது, யாராவது வந்து அளந்து, படம் எடுத்து, பதிவு செய்துகொண்டு போவதுதான்.

நீங்கள் செய்யவேண்டியது: கற்களை இருந்த இடத்திலேயே விடுங்கள். வட்டத்துக்குள் ஆழ உழாதீர்கள், குழி எடுத்து மாங்கன்று வைக்காதீர்கள், ஆழ்துளைக் கிணறு போடாதீர்கள். நான்கு திசையிலிருந்தும் ஒரு படம், பக்கத்தில் ஒரு மண்வெட்டியோ குடையோ வைத்து அளவு தெரிய ஒரு படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். பானை ஓடு மேலே வந்திருந்தால் எடுத்துக் கழுவாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்தில் தகவல் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் சொல்லலாம். தங்கமோ நாணயமோ கிடைத்தால் மறைக்காதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். முறைப்படி தெரிவித்தவருக்கு அதில் உரிமை கோர வழி உண்டு, மறைத்தவருக்குத் தண்டனைதான்.